முட்டை நின்ற பிறகு

பரமத்தி வேலூரில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தையில் நாட்டுக்கோழி வாங்க வருபவர்கள் ஒவ்வொரு கோழியையும் தனித்தனியாகத் தூக்கிப் பார்ப்பார்கள். நெஞ்செலும்பைத் தடவி, இறகை ஊதித் தோலைப் பார்த்து, கொண்டையின் நிறத்தைப் பார்த்து, பிறகுதான் விலை பேசுவார்கள். அதே ஊரிலிருந்து நாமக்கல் போகும் வழியெல்லாம் தூண்களின்மேல் எழுப்பிய நீளமான ஷெட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்குள் வரிசை வரிசையாகக் கூண்டில் நிற்கும் வெள்ளைக் கோழிகளை யாரும் அப்படித் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. நாமக்கல் மண்டலத்திலிருந்து நாளொன்றுக்கு ஐந்து கோடிக்கு மேல் முட்டை போகிறது. அந்த அளவில் ஒரு கோழியின் முகம் தெரியாது.

அந்த வெள்ளைக் கோழி ஏறத்தாழ 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். 72 அல்லது 80 வாரம் ஆனதும், சில பண்ணைகளில் அதற்கும் சற்றுத் தள்ளி, தின்கிற தீவனத்துக்கும் வைக்கிற முட்டைக்கும் கணக்குக் கட்டாமல் போகும். அப்போது ஷெட்டோடு மொத்தமாகக் கழித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். கொஞ்சம் டெம்போவில் ஊர் ஊராக வந்து மலிவு விலைக்குப் போகும். பெரும்பாலானவை அன்றைக்கே குழம்பாகும். ஆனால் சில வீடுகளில் ஒன்றிரண்டு தப்பி, புறக்கடையில் இருக்கும் சிறுவிடை நாட்டுக்கோழிகளோடும், கிராமப்பிரியா, வனராஜா போன்றவை கலந்து பிறந்த பெயர் தெரியாத கலப்புக் கோழிகளோடும் தங்கிவிடும். இங்கே பல வீடுகளில் இருக்கும் சின்னக் கோழிக்கூட்டம் இப்படிச் சேர்ந்ததுதான்.

அந்த வெள்ளைக் கோழியைப் பற்றி எல்லோரும் சொல்வது ஒரே குறை. "கொண்டாந்த புதுசுல முட்டை வெச்சுதுங்க. அப்புறம் நின்னு போச்சு. இறகெல்லாம் கொட்டுது. சீக்குக் கோழியக் குடுத்துட்டுப் போயிட்டானுங்க." அதற்குப் பிறகு அது அதிக நாள் இருப்பதில்லை. அறுத்துவிடுகிறார்கள். நான் சொல்ல வருவது இதுதான்: அந்தக் கோழி முட்டையை நிறுத்தியதும் இறகைக் கொட்டியதும் நோய் அல்ல. வாழ்நாளில் முதன்முறையாக அதன் உடம்பு தன்னைப் பழுதுபார்க்கத் தொடங்கியிருக்கிறது. சரியாக அந்த வாரத்தில்தான் நாம் கத்தியை எடுக்கிறோம்.

நிற்பதற்கு முதல் காரணம் வெளிச்சம். பண்ணையில் பகல் வெளிச்சத்தோடு விளக்கையும் சேர்த்து நாளுக்கு 16 மணி நேரம் ஒளி கொடுப்பார்கள். பறவைகளின் மூளை ஒளியைக் கண்ணால் மட்டும் உணர்வதில்லை. மண்டையோட்டைத் தாண்டி ஊடுருவும் ஒளியை ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள உணர்செல்கள் நேரடியாக வாங்கிக்கொள்கின்றன. 1930களில் பிரான்சின் ழாக் பெனுவா பார்வையற்ற வாத்துகளை வைத்தே இதைக் காட்டினார். கண் இல்லாத வாத்துக்கும் ஒளி நீண்டபோது இனப்பெருக்க உறுப்புகள் வளர்ந்தன. கோழிக்கும் இதே ஏற்பாடுதான். நாள் நீண்டால் முட்டைக்கான ஹார்மோன்கள் ஊறும். நாள் சுருங்கினால் அடங்கும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். மார்கழியில் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கு ஒட்டியும், ஆனி மாதத்தில் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்துக்கு ஒட்டியும் இருக்கும். 16 மணி நேர ஒளியில் வாழ்ந்த கோழியை ஒரே இரவில் நம் புறக்கடைக்குக் கொண்டுவந்தால், அதன் மூளைக்குக் கிடைக்கும் செய்தி நடுக் குளிர்காலம் வந்துவிட்டது என்பதே. இடம் மாறிய அதிர்ச்சியும் தீவன மாற்றமும் சேர்ந்துகொள்ள, சினைப்பை சுருங்குகிறது, முட்டை நிற்கிறது, பழைய இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கத் தொடங்குகிறது.

இந்த நிறுத்தம் ஏன் அதற்கு இவ்வளவு தேவை என்பது எலும்பைப் பார்த்தால்தான் புரியும்.

ஒரு முட்டை ஓட்டின் எடை ஐந்து ஆறு கிராம். அது ஏறக்குறைய முழுக்கவே கால்சியம் கார்பனேட். அதில் கால்சியம் மட்டும் இரண்டு கிராம் சொச்சம். ஒரு கோழியின் எலும்புக்கூடு முழுவதிலும் இருக்கும் கால்சியம் 20 முதல் 25 கிராம். ஒவ்வொரு முட்டையும் உடம்பின் மொத்தக் கால்சியத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு வெளியே போகிறது என்று இதற்குப் பொருள். ஆண்டுக்கு 300 முட்டை என்றால் 600 கிராம். தன் எலும்புக்கூட்டில் உள்ளதைப் போல இருபத்தைந்து மடங்கு கால்சியத்தை ஒரே வருடத்தில் ஓடாக வார்த்துக் கொடுக்கிறது இந்த ஒன்றரைக் கிலோ பறவை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் காலைச் சிற்றுண்டியில் முட்டை உரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோழியின் கால்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

இவ்வளவும் தீவனத்திலிருந்து வரலாமே என்று தோன்றும். பெரும்பகுதி அப்படித்தான் வருகிறது. அதற்காகத்தான் முட்டைக்கோழித் தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல் குருணையும் கலக்கிறார்கள். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. ஓடு படிவதற்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். அதில் முக்கியமான பகுதி இரவில் நடக்கிறது. இரவில் கோழி தின்னாது. குடல் காலியாகும். ஆனால் ஓடு கட்டும் வேலை நிற்காது. அப்போது கால்சியம் எலும்பிலிருந்து வர வேண்டும். இதற்காகவே பெட்டைப் பறவைகளுக்கு ஒரு தனி ஏற்பாடு உண்டு. முட்டைப் பருவம் நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏறும். அப்போது கால் எலும்புகளின் உட்குழிக்குள் மெல்லிய முட்களைப் போலப் புதிதாக ஒரு எலும்பு வளரும். மெடுல்லரி எலும்பு என்று பெயர். உடம்பைத் தாங்குவதற்கு அது பயன்படாது. பகலில் கால்சியத்தைச் சேர்த்து வைத்து இரவில் கொடுக்கும் கிடங்கு அது. அமெரிக்காவின் மொன்டானாவில் தோண்டியெடுத்த டைரனோசாரஸ் ரெக்ஸ் ஒன்றின் தொடை எலும்பில் இதைப் போன்ற திசு இருப்பதைப் பார்த்துத்தான், அது பெட்டை, முட்டையிடும் பருவத்தில் இறந்தது என்று மேரி ஷ்வைட்சர் குழுவினர் 2005இல் எழுதினார்கள். அவ்வளவு பழைய ஏற்பாடு.

அந்தப் பழைய ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை இருக்கிறது. முட்டை ஓடிக்கொண்டிருக்கும்வரை, எலும்பு கட்டும் செல்கள் கிடங்கு எலும்பை மட்டுமே கட்டும். உடம்பைத் தாங்கும் உண்மையான எலும்பைப் புதுப்பிக்காது. ஆனால் எலும்பைக் கரைக்கும் செல்கள் இரண்டையும் பாரபட்சமில்லாமல் அரிக்கும். ஆக, முட்டையிடும் ஒவ்வொரு மாதமும் தாங்கெலும்பு கொஞ்சம் மெலியும், திரும்ப வளராது. காட்டில் இது பிரச்சினையே அல்ல. செங்காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். முட்டை நின்றதும் ஈஸ்ட்ரோஜன் இறங்கும், அந்தச் செல்கள் மறுபடி தாங்கெலும்பைக் கட்டத் திரும்பும். ஓராண்டுக்கு மேல் நிறுத்தமே இல்லாமல் முட்டையிடும் கோழிக்கு அந்தத் திருப்பம் வருவதே இல்லை. அதோடு கூண்டில் நடையும் இல்லை, பறப்பும் இல்லை. சுமை விழாத எலும்பு இன்னும் வேகமாக மெலியும். 1989இல் பிரிட்டனில் கிரெகரி, வில்கின்ஸ் என்ற இருவர் கூண்டில் வாழ்ந்து கழித்த கோழிகளைப் பரிசோதித்தார்கள். அறுப்பதற்கு முன்பே நூற்றுக்கு 29 கோழிகளுக்குக் குறைந்தது ஓர் எலும்பாவது முறிந்திருந்தது. இதில் பலவும் கூண்டிலிருந்து இழுத்தெடுக்கும்போது முறிந்தவை. வெள்ளைக் கோழியை ஒற்றைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கக் கூடாது என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான். இரு கைகளாலும் இறக்கையைச் சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும்.

புறக்கடைக்கு வந்த வெள்ளைக் கோழி முட்டையை நிறுத்தும்போது, ஈஸ்ட்ரோஜன் இறங்கி, தாங்கெலும்பு வளரும் காலம் அதற்கு வருகிறது. அந்தச் சில வாரங்களில் கூடுதல் விளக்குப் போட்டு முட்டையை வரவழைக்கப் பார்ப்பது கொடுமை. செய்ய வேண்டியது வேறு. நல்ல புரதமுள்ள தீவனம் வேண்டும், ஏனென்றால் இறகு முழுக்கப் புரதம். கம்பும் சோளமும் அரிசிக் குருணையும் மட்டும் போதாது. கடலைப் பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள், கரையான் எது கிடைத்தாலும் நல்லது. பழைய பானையில் சாணியும் நனைத்த சாக்கும் அடைத்துக் கவிழ்த்து வைத்து, மறுநாள் கரையானைக் குஞ்சுகளுக்குத் தட்டிவிடும் வழக்கம் இங்கே இன்னும் சில தோட்டங்களில் இருக்கிறது. இறகு கொட்டிய கோழிக்கும் அதைக் கொடுக்கலாம். கிளிஞ்சலைத் தீவனத்தோடு கலக்காமல் தனிச் சட்டியில் வையுங்கள். கோழிக்குக் கால்சியப் பசி என்று ஒன்று தனியாக உண்டு. முட்டையிடும் கோழி பொழுது சாயும் நேரத்தில் தேடிப் போய்க் கிளிஞ்சலைக் கொத்தும், இரவுக்குத் தேவை என்பது அதன் உடம்புக்குத் தெரியும். முட்டை நின்ற கோழி அளவாக எடுத்துக்கொண்டு நிறுத்திவிடும். அதன் கணக்கை நாம் போட வேண்டியதில்லை.

பிறகு வெயில். தின்ற கால்சியம் குடலில் ஏற வைட்டமின் டி வேண்டும். கோழியின் உடம்பை இறகு மூடியிருக்க, வெயில் எங்கே படும்? கால்களில். இறகில்லாத கால் தோலில் வைட்டமின் டி ஆக மாறும் மூலப்பொருள், முதுகுத் தோலில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். காலை வெயிலில் கோழி ஒரு பக்கமாகச் சாய்ந்து காலை நீட்டிக் கிடப்பதைப் பார்த்துச் செத்துப்போனதோ என்று பதறாதீர்கள்.

இந்த இடத்தில் நாட்டுக்கோழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது பத்துப் பன்னிரண்டு முட்டை வைக்கும். பிறகு அவயத்துக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் கூட்டை விட்டு இறங்கினால் ஒரு வாய் தீனி, ஒரு வாய் தண்ணீர், ஒரு எச்சம், மறுபடி கூடு. குஞ்சு பொரித்தபின் இரண்டு மாதமாவது அவற்றோடு திரியும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை இப்படி. மொத்தம் அறுபது எழுபது முட்டை தேறினால் அதிகம். முட்டை வியாபாரத்தின் கண்ணில் இது பெருங்குறை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டினைச் சுரக்கும்போது இந்த அவயம் பிடிக்கிறது. பண்ணை வெள்ளைக் கோழியின் வெள்ளை லெகார்ன் வம்சத்தில் தலைமுறை தலைமுறையாக அவயம் பிடிக்காத கோழிகளையே தேர்ந்தெடுத்துப் பெருக்கி, அந்தக் குணத்தை ஏறக்குறைய துடைத்துவிட்டார்கள். 60 முட்டை 300 ஆனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் எலும்பின் பக்கமிருந்து பார்த்தால் அவயம் என்பது வருடத்துக்கு மூன்று நான்கு முறை வரும் நீண்ட விடுப்பு. ஒவ்வொரு விடுப்பிலும் சினைப்பை சுருங்கும், ஈஸ்ட்ரோஜன் இறங்கும், தாங்கெலும்பு வளர வழி கிடைக்கும். ஐந்து ஆறு வயதான சிறுவிடைக் கோழி முருங்கை மரக் கிளைக்குப் பறந்து ஏறுவதையும், ஒன்றரை வயது வெள்ளைக் கோழி ஒரு முழ உயரத் திண்ணைக்கு ஏறத் தயங்குவதையும் ஒரே முற்றத்தில் பார்க்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம். அவயம் கலைக்கிறேன் என்று கோழியின் மூக்கில் இறகைச் செருகும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது வெறும் வதை. குஞ்சு வேண்டாம் என்றால், அடிப்பக்கம் காற்றோடும் கம்பிக் கூண்டில் மூன்று நான்கு நாள் தீனி தண்ணீரோடு வைத்தால் போதும். வயிற்றுக்குக் கூட்டின் கதகதப்பு படாமல் போனதும் புரோலாக்டின் தானாக இறங்கிவிடும். என்னைக் கேட்டால் அதையும் அடிக்கடி செய்ய வேண்டாம்.

வெள்ளைக் கோழி வைத்த முட்டையை நாட்டுக்கோழியின் அவயத்தில் வைத்துப் பொரிக்க வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. இரண்டுக்கும் அது நல்லது. ஆனால் பிறக்கும் கலப்புக் குஞ்சுகளைப் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. லெகார்னின் வெள்ளை நிறம் ஓங்கு மரபணு. ஆதலால் எந்த நிறச் சேவலோடு சேர்ந்தாலும் முதல் தலைமுறைக் குஞ்சு பெரும்பாலும் வெள்ளையாக, அங்கங்கே கறுப்புப் புள்ளியோடு வரும். மஞ்சள் கால் அதற்கு நேரெதிர், ஒடுங்கு மரபணு. தாய் தகப்பன் இருபக்கமும் அதைக் கொடுத்தால்தான் குஞ்சின் காலில் தெரியும். இந்த மஞ்சள் காலின் கதை நம்மைச் சேர்ந்தது. வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை தென்கிழக்கு ஆசியாவின் செங்காட்டுக்கோழி. ஆனால் செங்காட்டுக்கோழிக்கு மஞ்சள் தோல் கிடையாது. 2008இல் சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் அந்த மரபணுவைத் தேடிப் போனார்கள். அது இந்தியாவின், அதுவும் தென்னிந்தியக் காடுகளின், சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று கண்டார்கள். இத்தாலியத் துறைமுகமான லிவோர்னோவின் பெயரைத் தாங்கி, அமெரிக்காவில் முட்டைக்காக வடிவமைக்கப்பட்டு, நாமக்கல் கூண்டுக்கு வந்து சேர்ந்த வெள்ளைக் கோழியின் கால், நம் மலைக்காட்டுப் பறவையின் கால். சந்தையில் அதை வெளியூர்க் கோழி என்று ஒதுக்கும்போதெல்லாம் எனக்கு இது சொல்லத் தோன்றும்.

எச்சரிக்கை என்னவென்றால், இந்தக் கலப்புப் பெட்டைகளில் பலவற்றுக்கு அவயம் சரியாகப் பிடிக்காது. பாதியில் எழுந்துவிடும். வீட்டு முட்டைக்கு அவை நல்லவை. அவற்றை நாட்டுக்கோழி என்று சந்தையில் விற்றால், வாங்கிய வீட்டின் சிறுவிடை வம்சத்தில் தாய்மைக் குணம் கரையும். அது ஒருமுறை போனால் திரும்பக் கொண்டுவருவது கடினம். கலப்பைக் கலப்பு என்று சொல்லி விற்க வேண்டும்.

புதுக் கோழியைப் பழைய கூட்டத்தில் விடுவதில் இரண்டு ஆபத்துகள். ஒன்று கண்ணுக்குத் தெரியும். கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று வரிசை உண்டு. நோர்வேயின் தோர்லீப் ஷெல்டரப்-எப்பே சிறுவயதிலிருந்தே வீட்டுக் கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தவர். 1920களின் தொடக்கத்தில் இதை ஆய்வாக வெளியிட்டார். அலகு வெட்டப்பட்ட வெள்ளைக் கோழி இந்த வரிசையின் அடியில்தான் இடம் பிடிக்கும். அதனால் தீவனச் சட்டியும் தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில் வேண்டும். வெட்டிய அலகால் இறகைக் கோதிப் பேனையும் செள்ளையும் எடுக்கவும் முடியாது. சாம்பலும் மணலும் கலந்த ஒரு குழி அதற்கு மருந்துக் கடைக்குச் சமம். கூண்டில் மண்ணையே பார்க்காத கோழி, வந்த சில நாளில் யாரும் கற்றுக்கொடுக்காமலேயே அதில் இறங்கிப் புரளும்.

இன்னோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. இதில் நான் கறாராகவே இருப்பேன். பண்ணைக் கோழிக்கு வெள்ளைக் கழிச்சலுக்கு எதிராகப் பலமுறை தடுப்பு மருந்து போட்டிருப்பார்கள். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஜாவாவிலும், அதையடுத்து இமயமலை அடிவார ராணிக்கெட்டிலும் கண்டறியப்பட்ட அதே நோய். தடுப்பு மருந்து கோழியைச் சாவிலிருந்து காக்கும். ஆனால் வைரஸ் அதன் உடம்பில் பெருகி எச்சத்தில் வெளிவருவதை முழுக்கத் தடுக்காது. திடமாகத் தெரியும் வெள்ளைக் கோழி, தடுப்பூசி போடாத நாட்டுக்கோழிக் கூட்டத்தை ஒரே வாரத்தில் காலிசெய்ய முடியும். குஞ்சுகளின் காலை முடக்கும் மாரெக் நோயிலும் இதே கதை. ஆகவே புதுக் கோழியை மூன்று நான்கு வாரம் தனியே, தனிச் சட்டி வைத்து அடைத்திருங்கள். பழைய கோழிகளுக்கு முதலில் தடுப்பூசி போடுங்கள். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. இலவசம். பண்ணையில் வேலை செய்பவர் வீட்டில் மட்டும் இந்தக் கூட்டமே வேண்டாம். நோய் எதிர்த்திசையிலும் போகும், அங்கே லட்சம் கோழி இருக்கிறது.

இவ்வளவு செய்தும் வெள்ளைக் கோழி நாட்டுக்கோழி அளவு வாழாது. தேறி, புது இறகு போட்டு, மறுபடி வாரத்துக்கு மூன்று நான்கு முட்டை வைக்கும். ஓரிரு வருடம் கழித்து வயிற்றில் முட்டைக்கரு சிந்திப் புண்ணாகியோ, சினைப்பையில் கட்டி வந்தோ போய்விடும். ஓயாமல் சினை முட்டை உடையும் சினைப்பையில் புற்றுநோய் தானாகவே வருகிறது. பெண்களின் சினைப்பைப் புற்றுநோயை ஆராய்பவர்கள் முட்டைக்கோழியை மாதிரியாக வைத்திருப்பது இதனால்தான். புறக்கடை அதைக் குணப்படுத்தாது.

அதனால் கேள்வி கூண்டுக்கே திரும்புகிறது. ஓர் ஏ4 தாளின் பரப்பு 624 சதுர சென்டிமீட்டர். நம் நாட்டுக் கூண்டுகளில் ஒரு கோழிக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் பழைய பாணிக் கூண்டுகளை 2012 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. பிரிட்டனில் 2005இல் தொடங்கிய ஓர் அறக்கட்டளை, கழித்த கோழிகளுக்கு வீடு தேடித் தருவதையே வேலையாகச் செய்கிறது. இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆவது அறிக்கையில் முட்டைக்கோழிகளின் வாழ்நிலையைப் பற்றியே எழுதியது. இடம் அதிகம் கொடுப்பது செலவு, நாமக்கல் பண்ணையாளர் ஒருவர் தனியாக அதைச் சுமக்க முடியாது என்பது உண்மை. ஆனால் எலும்பு விஷயத்தில் செலவு குறைந்த வழி ஒன்று இருக்கிறது. எடின்பரோவுக்கு அருகிலுள்ள ரோஸ்லின் ஆய்வு நிறுவனத்தார் 2000இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளை லெகார்ன் கோழியின் எலும்பு வலிமை நன்றாகவே பரம்பரையில் இறங்குவதைக் கண்டார்கள். வலிமையான எலும்புள்ள கோழிகளைத் தேர்ந்து பெருக்கிய சில தலைமுறையிலேயே முறிவு குறைந்தது. 100 வாரத்தில் 500 முட்டை என்ற இலக்கை நோக்கி உலக இன உற்பத்தி நிறுவனங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவ்வளவு குஞ்சு வாங்கும் நாமக்கல் மண்டலம், முட்டை எண்ணிக்கையோடு அந்த வம்சத்தின் எலும்புக் கணக்கையும் குஞ்சு விற்பவரிடம் எழுதி வாங்கலாம். கேட்கும் இடத்தில் நாம்தான் இருக்கிறோம்.